சின்ன டாலர் நாணயம்: விளிம்பிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

அமெரிக்காவின் சின்ன டாலர் நாணயம் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். யார் படம், என்ன வருடம், பளபளப்பாக இருக்கிறதா. நான் விளிம்பைப் பார்க்கச் சொல்வேன். இந்த நாணய வகையில் வருடமும் அச்சடித்த ஊரும் பிழையும் போலியும் பாதிக்கு மேல் தெரிய வருவது அந்த இரண்டு மில்லிமீட்டர் தடிமனில்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கியிலோ சில்லறையிலோ கிடைக்கும் சின்ன டாலர்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரு டாலர்தான் பெறும். இதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். கோடிக்கணக்கில் அடித்த நாணயத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சேகரிப்பின் ருசி. அதற்குப் பணம் தேவையில்லை, கண் பழக வேண்டும்.

சின்ன டாலர் என்று எதைச் சொல்கிறோம்? 1978 வரை அடித்த ஐசனோவர் டாலர் 38.1 மில்லிமீட்டர் விட்டம். சட்டைப் பையில் போட்டால் பையே தொங்கும். 1979-இல் அதற்குப் பதிலாக 26.5 மில்லிமீட்டர் விட்டமும் 8.1 கிராம் எடையும் உள்ள நாணயம் வந்தது. அன்று முதல் இன்று வரை அளவும் எடையும் மாறவில்லை. படமும் உலோகமும் விளிம்பும்தான் மாறின. நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. 1979 முதல் 1981 வரையும், பிறகு 1999-இல் ஒரு முறையும் அடித்த, பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் படமுள்ள வெள்ளி நிற டாலர். 2000-இல் தொடங்கிய, பூர்வகுடிப் பெண் சகாஜவியாவின் படமுள்ள பொன்னிற டாலர். இதுவே 2009 முதல் பின்பக்கம் ஆண்டுதோறும் மாறும் பூர்வகுடி டாலராகத் தொடர்கிறது. 2007 முதல் 2016 வரையும் 2020-இல் ஒன்றுமாக வந்த அதிபர் டாலர்கள். 2018-இல் தொடங்கி இன்னும் வந்துகொண்டிருக்கும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு டாலர்கள்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன எடைக்கருவி, தலையைச் சாய்க்கக்கூடிய மேசை விளக்கு, கீழே விரிக்க மெத்தென்ற துணி. நாணயத்தை எப்போதும் இரு விரலால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை இந்த உலோகத்தில் பதிந்தால் சில மாதங்களில் பழுப்பாகத் தெரியத் தொடங்கும், பிறகு போகாது.

சரி, விளிம்புக்கு வருவோம்.

நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பி விளக்கடியில் சுற்றுங்கள். குறுக்குக் கோடுகளாகப் பல்வெட்டு இருந்தால் அது சூசன் ஆன்டனி. வழவழப்பாக, எதுவும் இல்லாமல் இருந்தால் 2000 முதல் 2008 வரையிலான சகாஜவியா. எழுத்து பொறித்திருந்தால் அதிபர் டாலரோ, 2009-க்குப் பிந்தைய பூர்வகுடி டாலரோ, கண்டுபிடிப்பு டாலரோ. முகத்தைப் பார்க்காமலே குடும்பம் தெரிந்துவிட்டது.

எழுத்துள்ள விளிம்பில் அடித்த வருடம், மின்ட் மார்க் (அடித்த ஊரைக் குறிக்கும் எழுத்து), ‘இ ப்ளூரிபஸ் யூனம்’ (பலவற்றிலிருந்து ஒன்று) என்ற லத்தீன் வாசகம் இருக்கும். 2007, 2008 அதிபர் டாலர்களில் ‘இன் காட் வி டிரஸ்ட்’ (கடவுளை நம்புகிறோம்) என்பதும் விளிம்பிலேயே இருந்தது. கடவுள் பெயரை ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது; 2009-இல் அது முன்பக்கத்துக்கு ஏறியது.

இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. என் அக்கா மகன் ஒரு முறை ஜார்ஜ் வாஷிங்டன் டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “மாமா, இதுல 1789-னு போட்டிருக்கு!” அந்த நாணயத்தின் முகத்தில் இருப்பது வாஷிங்டன் ஆட்சி செய்த காலம், 1789 முதல் 1797 வரை. அடித்த வருடம் 2007, அது விளிம்பில் இருக்கிறது. திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்ததும் முகம் சுருங்கியது. அடுத்த நிமிடமே மற்ற நாணயங்களின் விளிம்புகளையெல்லாம் வரிசையாகப் படிக்க உட்கார்ந்துவிட்டான். எல்லா அதிபர் டாலருக்கும் இதே கதைதான். முகத்தில் உள்ள வருடம் அதிபருடையது, விளிம்பில் உள்ள வருடம் நாணயத்துடையது.

விளிம்பு எழுத்து எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் பிழைகளும் புரியும். புழக்கத்துக்கான நாணயத்தில் முதலில் இரண்டு முகங்களையும் அடிப்பார்கள். பிறகு அதைத் தனி இயந்திரம் ஒன்றில் ஓட்டி விளிம்பில் எழுத்தைப் பொறிப்பார்கள். நாணயம் அந்த இயந்திரத்துக்குள் எந்தப் பக்கம் மேலாக விழுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அதிபரின் முகம் மேலே இருக்கும்படி வைத்தால் சிலவற்றில் எழுத்து நேராக இருக்கும், சிலவற்றில் தலைகீழாக இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கும். தலைகீழாக இருப்பதால் விலை கூடாது. இணையத்தில் அதை அரிய பிழை என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குள் போகாமலே தப்பித்து வந்த நாணயம் உண்மையான பிழை. 2007-இல் வாஷிங்டன் டாலர் வெளியானபோது விளிம்பில் எழுத்தே இல்லாத நாணயங்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியே வந்துவிட்டன. கடவுள் வாசகமும் விளிம்பில்தான் இருந்தது என்பதால் பத்திரிகைகள் அதைக் கடவுள் இல்லாத டாலர் என்று எழுதின. அவ்வளவு எண்ணிக்கையில் வந்துவிட்டதால் வாஷிங்டன் வெறும் விளிம்பு நாணயம் எட்டாக்கனி அல்ல; இந்த வகையில் முதல் பிழை நாணயம் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். அதே ஆண்டின் ஜான் ஆடம்ஸ் டாலரில் வெறும் விளிம்பு அதைவிடக் குறைவு. ஆடம்ஸில் இன்னொரு வகையும் உண்டு: இயந்திரத்தில் இரண்டு முறை ஓடி, எழுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தது.

வெறும் விளிம்பைக் கண்டதும் துள்ளுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, இந்தக் குடும்பத்துக்கு விளிம்பில் எழுத்து இருந்தாக வேண்டுமா? 2000 முதல் 2008 வரையிலான சகாஜவியாவுக்கு வெறும் விளிம்புதான் இயல்பு. வருடமும் மின்ட் மார்க்கும் முகத்திலேயே, வலது பக்கம் இருக்கும். சகாஜவியாவின் முகத்தில் வருடம் இருந்தால் அங்கே பிழை ஒன்றும் இல்லை. முகத்திலும் வருடம் இல்லை, விளிம்பிலும் எழுத்து இல்லை என்றால்தான் பிழை. அந்த நாணயத்தில் வருடமே எங்கும் இருக்காது. பின்பக்கப் படத்தை வைத்துத்தான் ஆண்டைச் சொல்ல முடியும். சோளம், அவரை, பூசணி விதைக்கும் பெண் இருந்தால் 2009.

இரண்டாவது கேள்வி, யாராவது எழுத்தை அராவி எடுத்திருக்கிறார்களா? இதற்கு எடைக்கருவி பதில் சொல்லும். அராவினால் எடை குறையும், விட்டமும் சுருங்கும். லென்ஸில் விளிம்பின் குறுக்கே நுண்ணிய இழுப்புக் கோடுகள் தெரியும். உண்மையான வெறும் விளிம்பு கண்ணாடி போல ஒரே சீராக இருக்கும்.

எடையைப் பற்றிச் சொல்கிறபோதே நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்ன டாலர் எல்லாமே நடுவில் சுத்தச் செம்பும் இருபுறமும் மேல்தகடும் சேர்ந்த சாண்ட்விச். ஆன்டனி டாலரில் மேல்தகடு செம்பும் நிக்கலும். அதனால் வெள்ளி நிறம். ஆனால் அதில் வெள்ளி துளியும் இல்லை. சகாஜவியாவிலிருந்து மேல்தகடு மாங்கனீசு பித்தளை: செம்பு 77 சதவீதம், துத்தநாகம் 12, மாங்கனீசு 7, நிக்கல் 4. தங்கமும் துளியும் இல்லை. இந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நாணய இயந்திரங்கள். பழைய ஆன்டனி டாலரை ஏற்கும் இயந்திரம் புதியதையும் அதே நாணயமாக உணர வேண்டும், ஆனால் மனிதக் கண்ணுக்கு நிறம் வேறாகத் தெரிய வேண்டும். ஆன்டனி டாலர் தோற்றதே கால் டாலரோடு குழம்பியதால்தான். கால் டாலர் 24.3 மில்லிமீட்டர், அதுவும் வெள்ளி நிறம், அதிலும் பல்வெட்டு. அன்றைய அதிபர் கார்ட்டரின் பெயரைச் சேர்த்து மக்கள் இதைக் கார்ட்டர் குவார்ட்டர் என்றே அழைத்தார்கள்.

ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறமாக இருக்கிறதா? மேல்தகடு உரிந்த வில்லையில் (அச்சடிக்கும் முன் உள்ள வெறும் உலோக வட்டில்) அடித்ததாக இருக்கலாம், அப்படியானால் எடை 8.1 கிராமை விடத் தெளிவாகக் குறையும். எடை சரியாக இருந்தால் அது வெறும் நிறமாற்றம். மாங்கனீசு பித்தளை கைபட்டால் பழுப்பாக மாறுவது இயல்பு; நியூயார்க் சுரங்க ரயிலின் டிக்கெட் இயந்திரங்கள் மீதிச் சில்லறையாகத் தந்த சகாஜவியாக்களில் பாதிக்குமேல் அந்தப் பழுப்பில்தான் எனக்குக் கிடைத்தன.

போலியும் உண்டு. ஒரு டாலருக்கு யார் போலி அடிப்பார்கள் என்று கேட்கலாம். ஈக்வடார் 2000-இல் அமெரிக்க டாலரைத் தன் நாணயமாக ஏற்றுக்கொண்டது; சகாஜவியா அமெரிக்காவைவிட அங்கேதான் அதிகமாகக் கைமாறியது. போலிகளும் அங்கே புழங்கின. எடை பொருந்தாது, சகாஜவியாவின் முதுகில் தூங்கும் குழந்தையின் முகம் மழுங்கியிருக்கும், எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இருக்கும்.

அடுத்தது மின்ட் மார்க். பி என்றால் பிலடெல்பியா, டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ, அபூர்வமாக டபிள்யூ என்றால் வெஸ்ட் பாயின்ட். ஆன்டனி டாலரில் இது இடப்பக்கம், தோளுக்கு மேலே இருக்கும். எஸ் இருந்தாலே சேகரிப்பாளர்களுக்கான ப்ரூஃப் என்று நினைத்துவிடாதீர்கள். 1979, 1980 ஆன்டனியில் எஸ் குறியோடு புழக்க நாணயமே கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். ப்ரூஃப் என்றால் தரைப்பகுதி கண்ணாடி போலப் பிரதிபலிக்கும், உருவம் பனிபடர்ந்தது போல மங்கலாக வெண்மை காட்டும். 1999-இன் ப்ரூஃப் வழக்கத்துக்கு மாறாகப் பி குறியோடு வந்தது. 2000 முதல் 2008 வரையிலான சகாஜவியாவில் எஸ் என்றால் ப்ரூஃப்தான்.

ஆன்டனி குடும்பத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று 1979 பி. முகத்தைச் சுற்றி எழும்பி நிற்கும் வரம்பு சிலவற்றில் மெலிதாகவும் சிலவற்றில் அகலமாகவும் இருக்கும். அகல வரம்புள்ளதில் வருட எண் வரம்பை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்கும். மெலிந்த வரம்பில் இடைவெளி கண்ணுக்கே தெரியும். அகல வரம்புதான் குறைவு. பிலடெல்பியாவில் அந்த வருடம் 36 கோடிக்கு மேல் அடித்தார்கள், அதனால் கையில் வரும் ஒவ்வொரு 1979 பி-யையும் பார்க்கலாம், லென்ஸ்கூட வேண்டாம். கேட்டு வாங்க முடியாத பொருள் சும்மா சில்லறையில் வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது 1979 எஸ் ப்ரூஃப். இதில் முதல் வகையில் எஸ் எழுத்து அடைபட்டுக் குமிழ் போலத் தெரியும். இரண்டாம் வகையில் எஸ் தெளிவாக, வளைவுகள் திறந்து இருக்கும். இரண்டாம் வகைதான் அரிது. மூன்றாவது 1981 எஸ் ப்ரூஃப். அதிலும் இரண்டு வகை. முனைகள் உருண்டு பருத்து, உள்வளைவு திறந்திருப்பது இரண்டாம் வகை, விலையும் அதற்கே அதிகம். இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்காமல் நினைவில் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய ப்ரூஃப் பெட்டிகளை விற்பவர்களில் பலர் வகை பிரிக்காமலே விற்கிறார்கள், லென்ஸோடு போங்கள்.

1981-இன் புழக்க வகை நாணயங்கள் மூன்று ஊரிலிருந்தும் சேகரிப்பாளர் பெட்டிகளில் மட்டுமே வந்தன. ஒவ்வொரு ஊரிலும் 30 லட்சத்தை ஒட்டித்தான் எண்ணிக்கை. தேய்ந்த ஒரு 1981 கையில் வந்தால் யாரோ பெட்டியைப் பிரித்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள். நல்ல நிலையிலிருந்தால் எடுத்து வையுங்கள்.

சகாஜவியாவில் 2000 பி ஒன்றுதான் தேடத் தக்கது என்று சொல்வேன். அது 76 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. அதில் அறிய வேண்டியவை இரண்டு. நாணயம் வெளியாவதை விளம்பரப்படுத்த 5,500 டாலர்களைச் சீரியோஸ் தானியப் பெட்டிகளுக்குள் போட்டார்கள். அவற்றில் சிலவற்றில் பின்பக்கக் கழுகின் வால் வேறு அச்சில் அடித்தது: இறகுகளின் நுண்கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருக்கும். மற்ற நாணயங்களில் அந்த இடம் எளிமையாக்கப்பட்டிருக்கும். இந்த வித்தியாசத்தை 2005-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை எத்தனை பேர் அதைப் பால் வாங்கச் செலவழித்தார்களோ! இன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறும்.

மற்றது காயம்பட்ட கழுகு. கழுகின் மார்பின் குறுக்கே ஈட்டி பாய்ந்தது போல ஒரு கோடு. இதைச் சோதிக்கும் விதி எல்லாப் பிழை நாணயத்துக்கும் பொருந்தும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். அச்சில் கீறல் விழுந்தால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் பாய்ந்து நாணயத்தில் மேடாக எழும்பும். நாணயம் வெளியே வந்த பிறகு யாராவது கீறினால் பள்ளமாக இருக்கும், பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருக்கும். மேடு என்றால் அச்சில் வந்தது, பள்ளம் என்றால் பின்னால் பட்ட அடி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து நாணயத்தைச் சுற்றினால் நிழல் விழும் பக்கமே சொல்லிவிடும். காயம்பட்ட கழுகின் கோடு மேடாகத்தான் இருக்க வேண்டும்.

கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்தது போன்ற ஒரு நாணயமும் 2000-இல் வெளிவந்தது: முன்பக்கம் கால் டாலரின் வாஷிங்டன், பின்பக்கம் சகாஜவியாவின் கழுகு, பொன்னிறம். லட்சம் டாலருக்கு மேல் விற்றிருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்ததாகத் தோன்றினால் பின்பக்கத்தைப் பாருங்கள். சுதந்திர தேவி சிலை இருந்தால் அது 2007-இன் சாதாரண வாஷிங்டன் டாலர். கழுகேதான் என்றால் முன்பக்க வரம்பின் உட்புறத்தில் வட்டமாக ஒரு மெல்லிய இணைப்புக்கோடு ஓடுகிறதா என்று லென்ஸில் தேடுங்கள். வித்தைக்காரர்களுக்காக இரண்டு நாணயத்தைக் கடைந்து பொருத்தியவை நிறைய உலவுகின்றன.

2012 முதல் சின்ன டாலர்களைப் புழக்கத்துக்கு அடிப்பதில்லை, சேகரிப்பாளர்களுக்கு மட்டும்தான். 2011 வாக்கில் அரசுப் பெட்டகங்களில் நூறு கோடிக்கு மேல் தேங்கிவிட்டன. அதற்கு முன் நாணயச்சாலை முகமதிப்புக்கே, அனுப்பும் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. விமானப் பயணப் புள்ளிக்காகக் கடன் அட்டையில் பெட்டி பெட்டியாக வாங்கி, நேராக வங்கியில் போட்டவர்கள் உண்டு. அதனால் வங்கியில் கேட்டு வாங்கும் 25 நாணயச் சுருளில் பளபளக்கும் அதிபர்கள் வருவதில் வியப்பில்லை. புத்தம்புதிதாக இருப்பது மட்டும் விலை தராது. 2012-க்குப் பிந்தையது சில்லறையில் வந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்; எண்ணிக்கை குறைவு.

தரம் பார்ப்பது இதில் கடினமான பகுதி. 70 புள்ளி அளவுகோலில் 60 முதல் எல்லாமே புழங்காதவை. ஆனால் 64-க்கும் 67-க்கும் நடுவில் விலை பல மடங்கு தாவும். முதலில் மேடான இடங்களைப் பாருங்கள்: ஆன்டனியின் கன்ன எலும்பும் காதுக்கு மேல் முடியும், சகாஜவியாவின் கன்னம், இரண்டிலும் கழுகின் மார்பு. அங்கே ஒளி மங்கி, நிறம் மாறியிருந்தால் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. தேயாமல் இருந்தால் அடுத்தது தழும்புகள். மூட்டையில் நாணயத்தோடு நாணயம் மோதி வரும் சிறு வெட்டுகள் கன்னத்தில் இருந்தால் தரம் உடனே இறங்கும்; முடிக்குள் இருந்தால் அவ்வளவு பாதிக்காது.

கழுவாதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால் பளபளப்பு வரும், விலை போய்விடும். நாணயச்சாலையின் மினுக்கம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும் நுண்வரிகளால் வருவது. தேய்த்தால் அந்த வரிகள் அழிந்து குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் மட்டும் மிஞ்சும். மேலே தங்கமுலாம் பூசியும் வண்ணம் தீட்டியும் விற்பவையும் சேகரிப்பாளர் கணக்கில் சேதப்பட்டவைதான்.

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கித் தரம் குறித்து உறையிட்டுத் தரும். ஒரு டாலர் பெறுமான நாணயத்துக்கு அந்தக் கட்டணம் கட்டுவது வீண். 1979 எஸ் இரண்டாம் வகை, சீரியோஸ், உறுதியான பிழை நாணயம், இவற்றுக்கு மட்டும் அனுப்பலாம். விலை தெரிய வேண்டுமானால் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அதே வகை, அதே தரம், உண்மையில் விற்று முடிந்த ஏலங்களின் தொகையைப் பாருங்கள். ஒன்றிரண்டு போதாது, பத்துப் பன்னிரண்டு பார்த்தால் நடுவில் ஒரு தொகை தானாகத் தெரியும். விலைப்பட்டியலில் அச்சிட்டிருப்பது கடைக்காரர் உங்களுக்கு விற்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்.

எடுத்து வைக்கும் நாணயத்தை மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். அதிலிருக்கும் ரசாயனம் சில வருடத்தில் பச்சைப் பிசினாக நாணயத்தில் ஒட்டும். விறைப்பான மைலார் பிளாஸ்டிக் உறையோ 26.5 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டக் கூடோ வாங்குங்கள். உறையின் மேல் குடும்பம், வருடம், மின்ட் மார்க், எடை, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அதிபர் டாலராக இருந்தால் விளிம்பில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கூட்டுக்குள் போன பிறகு அதைப் படிக்க முடியாது.